ஊர்ப் பெயருக்குக் காவல் யார்? அஃபிலியேட் வியாபாரமும் காஞ்சிப் பட்டும்

தாம் நெய்யாத சேலையை, தம் கடையில் வாங்கி வைக்காத சரக்கை, பிறர் கடைக்கு ஆள் கூட்டிச் செல்வதனாலேயே விற்றுக் கொடுத்து, அவ்விற்பனையில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறும் தொழில் காஞ்சிபுரத்துக்குப் புதியதன்று. ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தருகே வெளியூர் வண்டி ஒன்று வந்து நின்றதும், இறங்கியவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒருவர் பக்கத்தில் வந்து, “பட்டு பாக்கணுமா சார்? கடைக்கெல்லாம் போய் ஏமாறாதீங்க, நேரா தறி வீட்டுலயே காட்டறேன்” என்பார். அவர் அழைத்துச் செல்லும் வீட்டில் குழித்தறி ஒன்று வாஸ்தவமாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆயினும் அடுத்த அறையில் அடுக்கி வைத்திருக்கும் சேலைகள் அந்தத் தறியிலிருந்து இறங்கியவைதாமா என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. வாங்குகிறவர் எண்ணிக் கொடுக்கும் தொகைக்குள் அழைத்து வந்தவரின் கமிஷனும் அடங்கியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. தரகரை நம்ப வேண்டா என்று கூட்டுறவுச் சங்கங்கள் எச்சரித்து வருவதும், எச்சரிக்கையைப் படிப்பதற்கு முன்பே தரகர் வந்துவிடுவதும் ஊரார் அனைவரும் அறிந்த விஷயங்கள்.

இதே தொழில் இணையத்தில் அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்ற பெயரோடு நடைபெறுகிறது. 1996 ஜூலையில் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கி, பிறருடைய பக்கங்களில் இருந்து தன் கடைக்கு வந்து பொருள் வாங்குவோருக்காக அப்பக்கத்தாருக்கு ஒரு வீதம் கொடுப்பதாக அறிவித்தபோது இம்முறை உலகெங்கும் பிரசித்தி பெற்றது. 2013இல் அந்த ஸ்தாபனம் இந்தியாவிலும் கடை விரித்தபின், சமையல் குறிப்பு எழுதுவோரும், கல்யாணச் சேலைகளை வீடியோவில் விரித்துக் காட்டுவோரும், கைபேசி விமரிசகர்களும் இதனை ஓர் உபரி வருமானமாகவும், சிலர் முழுநேர ஜீவனமாகவும் கைக்கொண்டனர். விளம்பரத்தையோ தேடல் முடிவையோ தொட்டவர் முதன்முதலில் வந்து இறங்கும் பக்கத்திற்கு லேண்டிங் பேஜ் என்று பெயர். தமிழில் இறங்கு பக்கம் என்னலாம். அப்பக்கம் அஃபிலியேட்டுக்குச் சொந்தம். ஆனால் அதில் புகழப்படும் சரக்கும் அதன் பெயரும் வேறொருவருக்குச் சொந்தம். ஆகையால் அப்பக்கத்தில் எதை எழுதலாம், எதை எழுதலாகாது, எந்தப் படத்தை வைக்கலாம், எந்த விலையைக் காட்டலாம் என்று சரக்குக்கு உரியவர் நீண்டதொரு நிபந்தனைப் பட்டியலை விதிக்கிறார்.

இந்நிபந்தனைகளை ஒரு நிர்ப்பந்தமாகவே கருதி, அவற்றை எவ்வாறு மீறாததுபோல் மீறலாம் என்று யோசிப்பவர் பலர். நிபந்தனைகள் எங்கிருந்து பிறந்தன என்று ஆராய்ந்து பார்த்தால் அவற்றிற் பெரும்பாலானவை ஒரு பெயரின் மீதுள்ள நம்பிக்கையைக் காப்பதற்காக ஏற்பட்டவை என்பது விளங்கும். அப்பெயர் ஒரு கம்பெனியின் பெயராக இருக்கும்போது காவல் கடுமையாக இருப்பதும், ஓர் ஊரின் பெயராக இருக்கும்போது அதே பக்கத்தில் காவலே இல்லாமற் போவதும் ஏன் என்பதும், அக்குறையை நீக்க வழி உண்டா என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

நிபந்தனைகளின் மூன்று வேர்கள்

முதலாவது வேர் பெயர். அமேசானின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டால், அஃபிலியேட் தன் தளத்தின் முகவரியில் அந்நிறுவனத்தின் பெயரைச் சேர்க்கலாகாது. அப்பெயரையோ அதன் எழுத்துப் பிழை வடிவங்களையோ கூகுள் போன்ற தேடல் எந்திரங்களில் ஏலம் கேட்டு விளம்பரம் செய்யலாகாது. இதன் நியாயத்தைக் காஞ்சித் தெருவை நினைவிற்கொண்டே எளிதாக உணரலாம். சங்கத்தின் பெயரைத் தானே விசாரித்துக்கொண்டு வந்து படியேறத் தொடங்கிவிட்ட ஒருவரை, கடைசிப் படியில் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று, இவரை நானே கொண்டுவந்தேன் என்று கூலி கேட்பவர் சங்கத்துக்கு ஒரு வாடிக்கையாளரையும் சம்பாதித்துக் கொடுத்தவராகார். பெயரைத் தட்டச்சு செய்து தேடுபவர் முன்பே வரத் தீர்மானித்தவர். அவருக்கும் கடைக்கும் இடையில் நுழைந்து பெறும் கமிஷன் கடைக்காரருக்கு வெறும் நஷ்டம்.

இரண்டாவது வேர் உண்மை. இணையக் கடையில் விலை ஒரே நாளில் பலமுறை மாறும். நேற்றைய விலையை இறங்கு பக்கத்தில் எழுதி வைத்தால், இன்று வருகிறவர் கடைக்குள் சென்றதும் வேறு விலையைக் கண்டு, ஏமாற்றப்பட்டதாகக் கடையின் மீதே சினங்கொள்வார். அதனாலேயே விலையையும், நட்சத்திர மதிப்பீட்டையும், வாடிக்கையாளரின் அபிப்பிராயங்களையும் அஃபிலியேட் தம் கையால் நகல் எடுத்து ஒட்டலாகாதென்றும், கடை தருகின்ற தரவு இணைப்பின் வழியாகவே அவை அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு வரவேண்டுமென்றும் விதித்திருக்கிறார்கள்.

மூன்றாவது வேர் கணக்கு. ஒருவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதை அவருடைய உலாவியில் பதியும் குக்கி என்னும் சிறு குறிப்பே கடைக்குச் சாட்சி சொல்கிறது. அமேசானில் அச்சாட்சியின் ஆயுள் பொதுவாக 24 மணி நேரம். இச்சாட்சியைப் பொய்யாகப் புகுத்தி, லிங்க்கை ஒருமுறையேனும் தொடாதவரையும் தாம் அனுப்பியவராகக் காட்டிப் பெருந்தொகை பெற்றவர்கள் உண்டு. இ-பே நிறுவனத்தின் திட்டத்தில் இவ்விதம் நடந்தது குறித்து 2010இல் அமெரிக்காவில் குற்ற வழக்கே தொடுக்கப்பட்டது. லிங்க் எங்கே செல்கிறது என்பதை மறைக்கலாகாது, அச்சுத் தாளில் அதைப் பயன்படுத்தலாகாது, லிங்க் வழியே வாங்குகிறவருக்கு வெகுமதி தருவதாக ஆசை காட்டலாகாது என்பன போன்ற விதிகள் எல்லாம் இந்தக் கணக்குச் சுத்தத்தின் பொருட்டு ஏற்பட்டவை.

பக்கம் அமைப்பவர் செய்யத்தக்கவை

இவ்வேர்களை அறிந்துகொண்டால் நிபந்தனைகளோடு ஒத்துப்போகும் வழியும் புலப்படும். அஃபிலியேட் ஒருவர் கட்டுப்படவேண்டிய ஆவணம் ஒன்றன்று. திட்டத்தை நடத்தும் வலையமைப்பின் பொது விதிகள், அதனுள் சரக்குக்கு உரியவராகிய ஒவ்வொரு விளம்பரதாரரும் தனித்தனியே சேர்க்கும் சிறப்பு விதிகள், பணம் கொடுத்து ஆளைத் திரட்டுவதானால் கூகுள் முதலிய விளம்பரத் தளங்களின் விதிகள் என மூன்று அடுக்குகள் உள்ளன. ஓர் அடுக்கில் தேறிய பக்கம் மற்றோர் அடுக்கில் தள்ளப்படுவது அடிக்கடி நேர்வது. விளம்பரதாரரோ தாம் அனுமதித்த வாசகத்தையும் படத்தையும் தவிர வேறெதையும் தம் பொருளைப் பற்றிப் பிரயோகிக்கலாகாது என்கிறார். கூகுளோ, பிறிதோர் இடத்துக்கு ஆளை அனுப்புவதொன்றையே நோக்கமாகக் கொண்டு, தனக்கென்று சரக்கேதும் இல்லாத பக்கத்துக்கு விளம்பரம் அளிக்க மறுக்கிறது. ஒருவர் சொந்தமாக எழுதாதே என்கிறார். மற்றவர் சொந்தமாக எழுதாவிட்டால் இடமில்லை என்கிறார்.

இம்முரண் தோற்றத்தளவிலேயே முரண். பக்கத்தை இரு பகுதிகளாகப் பகுத்துக் கொள்ளின் சிக்கல் அவிழும். இந்தச் சேலை இன்ன விலை, இன்ன தள்ளுபடி, இன்ன நாளுக்குள் வந்து சேரும் என்பன போன்ற விற்பனையாளரின் வாக்குறுதிகள் அனைத்தும் விற்பனையாளருக்கே உரியவை. அவற்றை அவர் தந்தபடியே வைத்துவிட வேண்டும். அப்பொருளை மதிப்பிடுவதற்கு வேண்டிய அறிவு எழுதுபவருக்கு உரியது; அதற்கு எவருடைய சம்மதமும் வேண்டுவதில்லை. காஞ்சிப் பட்டைப் பற்றிப் பக்கம் அமைக்கும் ஒருவர், கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்யப்படுவதையும், தறியில் நெசவாளரோடு உடனிருந்து கரை நாடாவை எறிய இன்னொருவர் வேண்டியிருப்பதையும், உடலிலிருந்து முந்திக்கு நிறம் மாறுமிடத்தில் பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கும் பேட்னி வேலையையும் விவரித்து எழுதட்டும். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும் என்றும், பட்டு நூலைக் கொளுத்தினால் தலைமயிர் கருகும் வாடை வீசி, சாம்பல் விரலிடையில் பொடியாகும் என்றும் சொல்லட்டும். சேலையின் முன்புறத்தை மட்டும் காட்டும் படத்தை நம்பாமல் பின்புறப் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கும்படி வாசகரைத் தூண்டட்டும். இவற்றில் ஒன்றேனும் விளம்பரதாரரின் விதிக்கு விரோதமாகாது. இவை நிறைந்த பக்கத்தைக் கூகுளும் வெறும் வழிப்போக்குப் பக்கம் என்று தள்ளாது.

ஏனைய ஜாக்கிரதைகளைச் சுருங்கச் சொல்லலாம். பக்கத்தை வெளியிடுவதற்கு முன் அதன் வரைவை விளம்பரதாரருக்கு அனுப்பி எழுத்து மூலமான ஒப்புதல் பெற்றுக்கொள்வதும், அன்றைய தேதியிலுள்ள விதிகளின் பிரதியையும் தம் பக்கத்தின் பிரதியையும் சேர்த்து வைத்துக்கொள்வதும், விளம்பரம் தரும்போது அந்நிறுவனத்தின் பெயரை விலக்குச் சொல்லாகக் குறித்துவிடுவதும், விதிகள் திருத்தப்படும்போது பழைய பக்கங்களையும் திரும்பச் சென்று திருத்துவதும் இத்தொழிலின் அன்றாடக் கடமைகள். ஒரே விளம்பரதாரரையே நம்பிப் பக்கங்கள் அனைத்தையும் அமைத்தவர், விதி ஒன்று மாறிய மாத்திரத்தில் வருமானம் முழுவதையும் இழக்கக் கூடும். பொருளைப் பற்றிய சொந்த எழுத்தே பிரதானமாக அமைந்த பக்கமோ விளம்பரதாரர் மாறினும் நிற்கும்.

விளம்பரதாரரே பொய்யை எழுதச் சொன்னால் என்ன செய்வது? விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று எழுதுமாறு வாசகம் அனுப்பினாலும், கமிஷன் பெறுவதை வாசகருக்குச் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொண்டாலும், விளம்பரதாரரின் அனுமதி அஃபிலியேட்டைக் காப்பாற்றாது. அங்கே ஒப்பந்தத்துக்கு மேற்பட்ட சட்டம் ஒன்று குறுக்கிடுகிறது.

சட்டம் கேட்கும் வெளிப்படை

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020இல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறான விளம்பரத்துக்காக உற்பத்தியாளரை மட்டுமன்றிப் பொருளைப் பரிந்துரைப்பவரையும் தண்டிக்க வல்லது: முதல் முறைக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம், பரிந்துரைப்பவரை ஓராண்டுக்கும், மறுமுறை மூன்றாண்டுக்கும் பரிந்துரைத் தொழிலிலிருந்தே விலக்கி வைக்கலாம். கூற்றின் உண்மையைத் தக்கவாறு விசாரித்துப் பார்த்தே பரிந்துரைத்தேன் என்று காட்டுபவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. 2022 ஜூன் 9ஆம் நாள் வெளிவந்த வழிகாட்டு நெறிகள், விற்பவருக்கும் பரிந்துரைப்பவருக்கும் இடையிலுள்ள பொருள் சார்ந்த சம்பந்தத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்றன. 2023 ஜனவரியில் வந்த விளக்கம், அவ்வெளிப்படைக் கூற்று எளிதில் கண்ணிற்படும் இடத்தில் இருக்க வேண்டுமென்றும், பரிந்துரை எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே இருக்க வேண்டுமென்றும் வற்புறுத்தியது.

இந்தக் கடைசி விதி தமிழ்ப் பக்கங்களுக்கு மிகவும் பொருந்துவது. பக்கம் முழுவதும் தமிழில் உருக்கமாகப் பட்டின் பெருமையைப் பாடிவிட்டு, கமிஷன் பெறும் செய்தியை மட்டும் அடிக்குறிப்பாக, சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் ஒளித்து வைப்பது இன்று பெருவழக்கு. ‘இந்த லிங்க் வழியாக நீங்கள் சேலை வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்’ என்று பக்கத்தின் தலைப்பிலேயே ஒரு வரி எழுதுவதால் வாசகர் ஓடிவிடுவார் என்ற அச்சம் பலருக்கு உண்டு. சொல்லாமல் மறைத்து, பிறகு வெளிப்படும்போது போகும் மதிப்பு அதனினும் பெரிது என்பதை ஏனோ அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பரிந்துரைப்பவர் தம் அனுபவத்தையும் சம்பந்தத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும் என்ற நெறி சட்டப் புத்தகத்தில் இன்று ஏறினாலும் தமிழ் மரபுக்கு அது அந்நியமன்று. அதிலும் காஞ்சிக்கு நெருங்கிய உறவுடையது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்ற பாணன் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட வறிய பாணனை அவ்வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. ஆற்றுப்படை என்னும் அவ்விலக்கிய வகையின் இலக்கணமே, பரிசு பெற்றவன் தான் பெற்றதைச் சொல்லி, பெறாதவனுக்கு வழி காட்டுவதாகும். அங்கே வழிகாட்டுபவன் போய் வந்தவன்; தனக்கு என்ன கிடைத்தது என்பதை முதலிலேயே வெளியிடுபவன்; வழியிலுள்ள நிலங்களையும் அங்கு வாழ்வோர் இடும் உணவையும் உள்ளவாறே விவரிப்பவன். வள்ளலிடம் தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு ஆள் அனுப்புபவன் அல்லன் என்ற ஒரு வேற்றுமை உண்டு. அவ்வேற்றுமை இருப்பதனாலேயே, கூலி பெறுகின்ற இன்றைய வழிகாட்டிக்கு வெளிப்படை என்னும் கடமை இரட்டிப்பாகிறது.

நிறுவனப் பெயரும் ஊர்ப் பெயரும்

இனி, பெயர்க் காவலைப் பற்றிய பிரதான வினாவுக்கு வருவோம். தேடல் விளம்பரத்தில் பிறர் பெயரைப் பயன்படுத்துவது குறித்து இந்தியாவில் எழுந்த முக்கியமான வழக்குகளுள் ஒன்று சென்னையிலேயே நடந்தது. பாரத்மேட்ரிமனி என்னும் திருமணத் தகவல் தளத்தை நடத்திய கன்சிம் நிறுவனம், தன் பெயர்களைத் தேடுவோருக்குப் போட்டியாளரின் விளம்பரங்கள் காட்டப்படுகின்றன என்று கூகுள் மீதும் போட்டியாளர் மீதும் சென்னை உயர்நீதிமன்றத்தில் முறையிட்டது. 2010இல் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அளித்த தீர்ப்பில், அப்பெயர்கள் பொதுச் சொற்களின் சேர்க்கையாய் இருப்பது முக்கியமான கருத்தாக நின்று, இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. பின்னர் 2023 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றத்தின் அமர்வு, பதிவு பெற்ற வணிகக் குறியை விளம்பரச் சொல்லாக ஏலம் விடுவதும் ஏலம் எடுப்பதும் அக்குறியைப் பயன்படுத்துவதே என்றும், எனினும் வாங்குவோருக்குக் குழப்பம் விளையாத இடத்தில் அதனை அத்துமீறலாகக் கொள்ள முடியாது என்றும் தெளிவுபடுத்தியது. ஆகவே, நீதிமன்றத்தின் காவல் வழக்குக்கு வழக்கு வேறுபடுவது. பெரிய கம்பெனிகள் அதை எதிர்பார்த்துக் கொண்டிராமல் அஃபிலியேட் ஒப்பந்தத்தின் மூலமே தம் பெயரைக் காத்துக்கொள்கின்றன. ஒப்பந்தத்தை மீறியவரின் கமிஷனை நிறுத்திவிட்டால் போதும். வக்கீலும் வேண்டா, வாய்தாவும் வேண்டா.

காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரோ பொருட்களின் புவிசார் குறியீடுகள் சட்டம், 1999 என்பதன்கீழ்த் தமிழக அரசின் கைத்தறித் துறையின் விண்ணப்பத்தால் 2005இல் பதிவு செய்யப்பட்டது. ஊரின் பெயரும் பொருளின் பெயரும் தனித்தனியே எவருக்கும் பொதுவான சொற்கள். இரண்டும் கூடியபோது அவை ஒரு குறிப்பிட்ட நிலத்தில், குறிப்பிட்ட முறையில் நெய்தவருக்கு உரிமையாகின்றன. பொய்யாக அக்குறியீட்டைப் பொருத்துபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உள்ளன. காகிதத்தளவில் இது கம்பெனியின் காவலைவிடக் கடுமையானதே.

நடைமுறையில் அவ்வாறில்லாமைக்குக் காரணம் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவில் அடங்கியிருக்கிறது. வணிகக் குறியை அதன் உரிமையாளர் பிறருக்கு விற்கலாம், அடகு வைக்கலாம், நிபந்தனையின் பேரில் பயன்படுத்தக் கொடுக்கலாம். புவிசார் குறியீட்டையோ எவரும் எவருக்கும் மாற்றிக் கொடுக்கவோ, உரிமம் அளிக்கவோ, அடகு வைக்கவோ முடியாது. ஒரு சமூகத்தின் சொத்தைத் தனிமனிதர் விலைபேசிவிடலாகாது என்ற உயர்ந்த உத்தேசத்தோடு எழுதப்பட்டது இவ்விதி. இதன் எதிர்பாராத விளைவையும் காண வேண்டும். கம்பெனி தன் பெயரை இரவல் கொடுக்கிறது. இரவல் கொடுப்பதனாலேயே நிபந்தனை விதிக்கும் வாய்ப்பு அதற்குக் கிட்டுகிறது. ஊர்ப் பெயரை இரவல் கொடுப்பார் எவரும் இல்லை. அதனால் நிபந்தனை விதிப்பதற்கு எதிரில் உட்கார்ந்திருப்பவரும் எவரும் இல்லை. அஃபிலியேட் ஒருவர் இணையக் கடையின் பெயரை ஓர் எழுத்துப் பிழையோடு விளம்பரத்தில் ஏற்றினால் அவர் கணக்கே மூடப்படலாம். அதே பக்கத்தில் சில நூறு ரூபாய்ச் செயற்கை இழைச் சேலையைக் ‘காஞ்சிபுரம் ஸ்டைல் சாஃப்ட் சில்க்’ என்று எழுதி, பக்கத்திலேயே அசல் தாழம்பூக் கரைச் சேலையின் படத்தை ஒட்டிவைத்தால், அவருக்கு வரவேண்டிய கமிஷன் தவறாமல் வந்து சேர்கிறது.

இவ்வகைப் பக்கங்கள் செய்யும் மற்றொரு குழப்பம் முத்திரைகளைப் பற்றியது. மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க், நூல் பட்டுதானா என்ற வினாவுக்கு விடை. 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க், கைத்தறியில் நெய்ததா என்ற வினாவுக்கு விடை. புவிசார் குறியீடு, எங்கே, எம்முறையில் நெய்தது என்ற வினாவுக்கு விடை. வேறோர் ஊரில் விசைத்தறியில் நெய்த அசல் பட்டுச் சேலையும் சில்க் மார்க்குக்கு நியாயமாகவே உரியது. அதன் படத்தைக் காட்டி, ‘அரசு முத்திரை பெற்ற அசல் காஞ்சிப் பட்டு’ என்று பக்கம் அமைப்பவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏதோ ஒரு பிரமாணம் வைத்திருப்பவர்போல் தோன்றி, மொத்தத்தில் பொய்யையே சொல்லிவிடுகிறார்.

சங்கங்கள் விதிக்கக் கூடிய நிபந்தனைகள்

இக்குறைக்குப் பரிகாரம் 24ஆம் பிரிவைத் திருத்துவது என்று நான் கருதவில்லை. குறியீட்டை இரவல் கொடுக்க முடியாதே தவிர, தம் சேலையை விற்றுக் கொடுப்பவருக்குக் கமிஷன் கொடுப்பதை எச்சட்டமும் தடுக்கவில்லை. குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை பெற்ற காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கங்களும், 1935 முதல் கைத்தறித் துணிகளை விற்று வரும் கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனமும் தமக்கென ஓர் அஃபிலியேட் திட்டத்தை வகுத்து, விற்பனையாளர் என்ற முறையில், கமிஷன் பெற விரும்புவோரின் இறங்கு பக்கங்களுக்கு நிபந்தனை விதிக்கலாம். தெருவில் நிற்கும் தரகரைச் சங்கங்கள் இதுகாறும் பகைத்தே வந்திருக்கின்றன. இணையத்தில் அவரை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்து ஒழுங்குபடுத்தும் சௌகரியம் வாய்த்திருக்கிறது.

நிபந்தனைகள் பெருநிறுவனங்களினுடையவைபோல் நீளமாக இருக்க வேண்டுவதில்லை. காஞ்சிபுரம் பட்டு என்ற பெயர் உரிமை பெற்றவர் நெய்த சேலைக்கன்றி வேறெதற்கும் அப்பக்கத்தில் வரலாகாது; ‘ஸ்டைல்’, ‘டைப்’, ‘மாடல்’ என்ற ஒட்டுகளோடும் வரலாகாது. விற்கப்படும் அதே சேலையின் முன்புறமும் பின்புறமும் படமாக இருக்க வேண்டும். மூன்று முத்திரைகளும் எதற்கு எது சாட்சி என்ற விளக்கத்தோடு தனித்தனியே காட்டப்பட வேண்டும். சங்கம் அறிவித்த தள்ளுபடியன்றி வேறு தள்ளுபடி எழுதலாகாது. கமிஷன் பெறும் செய்தி, பக்கத்தின் மொழியிலேயே, தலைப்பை அடுத்து வரவேண்டும். இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழக் கூடும். முதலாவது, சிறிய சங்கமொன்று ஆயிரம் பக்கங்களை எவ்வாறு கண்காணிக்கும் என்பது. பெரிய கம்பெனிகளும் எல்லாப் பக்கங்களையும் நாள்தோறும் படித்துக் கொண்டிருப்பதில்லை. கமிஷனை உடனே கொடாமல் ஒரு தவணை வரை நிறுத்தி வைத்து, அதற்குள் பக்கத்தைப் பார்த்து, விதி மீறியிருந்தால் கொடாமல் விடுவதே அவற்றின் முறை. பணம் கைக்கு வரும்வரை விதியை மறவாதிருப்பது மனித சுபாவம். புகார் செய்யும் வாங்குவோரும், போட்டியாளரான பிற அஃபிலியேட்டுகளும் கூலியில்லாத கண்காணிப்பாளர் ஆகிவிடுவர்.

இரண்டாவது ஆட்சேபம் இதனினும் கனமானது: கமிஷன் யாருடைய பங்கிலிருந்து போகும்? தெருத் தரகரின் கமிஷன் விலையை உயர்த்தி வாங்குவோர் தலையிலும், பேரத்தில் இறங்கிய மிச்சம் நெய்தவர் கூலியிலும் விழுவதைக் கண்டவர்கள், இணையக் கமிஷனும் அவ்வாறே ஆகும் என்று அஞ்சுவது இயற்கை. மழைநாளில் பாவு காயாமல் தறி நிற்கும் தொழிலில், இருவர் உட்கார்ந்து பல நாள் நெய்யும் ஒரு சேலையின் கூலியிலிருந்து, ஒரு பக்கம் எழுதியவருக்கு வீதம் எடுத்துக் கொடுப்பது நியாயமாகாது. ஆகவே கமிஷன் கடை வாடகை, விளம்பரச் செலவு, இடைவியாபாரியின் லாபம் ஆகிய விற்பனைச் செலவிலிருந்தே வரவேண்டும். கூலிக்குப் பின் மிஞ்சும் தொகையில் இவ்வளவுதான் கமிஷனுக்கு என்று சங்கத்தின் பொதுக்குழு வரையறுத்துத் தீர்மானம் செய்துவிட வேண்டும். அவ்வரையறை தாழ்வாக இருந்தால் அஃபிலியேட்டுகள் வரமாட்டார்கள் என்பார்க்கு ஒரு விடை உண்டு: கோர்வைச் சேலையின் விலை ஆயிரக்கணக்கில் இருப்பதால் சிறிய வீதமும் கணிசமான தொகையாகும்; திரும்பி வராத சேலை, பழிக்கு ஆளாகாத பக்கம் என்ற அனுகூலங்களும் அதனோடு சேரும்.

இணையக் கடைகளிடமும் ஒன்று கேட்கத்தக்கது. தம் பெயரின் ஒவ்வொரு எழுத்துப் பிழையையும் பட்டியலிட்டு விலக்கத் தெரிந்த ஸ்தாபனங்களுக்கு, பதிவு பெற்ற புவிசார் குறியீடுகளை அதே பட்டியலில் சேர்த்து, உரிமைச் சான்று இல்லாத சரக்குக்கு அப்பெயரைப் பயன்படுத்தும் பக்கங்களுக்குக் கமிஷன் இல்லை என்று ஒரு விதி எழுதுவது கடினமான காரியமன்று. குறியீட்டின் பதிவுரிமையாளராகிய கைத்தறித் துறை அதனை எழுத்து மூலம் கேட்டதும், அவர்கள் மறுப்பதானால் காரணம் சொல்லியே மறுக்கவேண்டியிருக்கும்.

கம்பெனி ஒன்றின் பெயர் கெட்டால் அது வேறு பெயர் சூட்டிக்கொண்டு மறுநாள் கடை திறக்கலாம். காஞ்சிபுரம் அவ்வாறு செய்ய இயலாது. நிபந்தனையைக் கண்டு சலித்துக்கொள்ளும் அஃபிலியேட், ஊர்ப் பெயரைக் கொண்டு பிழைப்பவராயின், எவரும் கேளாமலே மேற்சொன்ன ஐந்து விதிகளையும் தம் பக்கத்தில் கைக்கொள்ளலாம். சங்கங்களோ காத்திருக்க வேண்டுவதில்லை: தை முகூர்த்தங்களுக்கான சேலை விற்பனை தொடங்குவதற்கு முன், பொதுக்குழுவின் தீர்மானம் ஒன்றும், ஒரு தாளளவில் நிபந்தனைகளும் இருந்தால் போதும். அவ்வளவும் எழுதி முடித்துக் கையெழுத்திட்ட பின்னரே, இப்பெயரை எவன் எவனோ விற்கிறான் என்று முறையிடும் யோக்கியதை நமக்கு முழுமையாக வரும்.